பாயின்ட் கன்ட்ரோல் பெட்டிக்கு ஸ்க்ரூ மாற்றப் போகிறீர்களா? மதுரை மாடல் ரயில்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மாடல் ரயில் செட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். பாயின்ட்டை, அதாவது ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றுகிற பொத்தான் பெட்டிதான் பாயின்ட் கன்ட்ரோல் பெட்டி. அதை, ஸ்க்ரூ மாற்றுகிற வேலைதானே என்று யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். மதுரையில் ஒரு கடைக்காரர் செய்த வேலையில் என் பெட்டிகள் பாழாகி, ஒரு பாயின்ட் மோட்டாரும் எரிந்து போய்விட்டது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. எப்படிக் கெட்டது என்பதைத்தான் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை எந்தக் கடையிலும் செய்வார்கள்.

என்னுடையது எச்ஓ அளவு. 1:87 விகிதம், தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். சித்தப்பா அமெரிக்காவில் வேலை பார்த்தபோது வாங்கி, ஊருக்குத் திரும்பும்போது எனக்கென்று கொண்டுவந்தது. அதை வைத்து மதுரை-போடி லைனை ஒரு பலகையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். 2010 கடைசியோடு அந்த லைனில் மீட்டர் கேஜ் வண்டி நின்று, 2022-ல் தேனி வரைக்கும் 2023-ல் போடி வரைக்கும் அகலப்பாதையில் மறுபடி ரயில் வந்தது. அந்த வண்டியில் ஏறி வளர்ந்தவர்களுக்கு உசிலம்பட்டியும் ஆண்டிபட்டிக் கணவாயும் என்னவென்று தெரியும். என் பலகையில் உசிலம்பட்டி ஸ்டேஷனுக்கு ஒரு லூப் லைன் உண்டு, மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பக்கப் பாதை. அதன் பாயின்ட்டுகளுக்குத்தான் இந்தக் கன்ட்ரோல் பெட்டிகள்.

பெட்டி சின்னது, வேலை எளிது. பாயின்ட்டைத் தள்ளும் மோட்டாருக்குள் இரண்டு காயில், அதாவது கம்பிச்சுருள். ஒன்றுக்குக் கரண்ட் போனால் பாயின்ட்டில் நகரும் நாக்குத் தண்டவாளம் இந்தப் பக்கம் சாயும், மற்றதற்குப் போனால் அந்தப் பக்கம். பெட்டியில் மூன்று வயர் மாட்டுகிறோம்: ஓரத்தில் இருப்பவை ஆளுக்கொரு காயிலுக்கு, நடுவில் இருப்பது இரண்டுக்கும் பொது. பொத்தானை வேண்டிய பக்கம் தள்ளி, ஒரு கணம் அழுத்தி விட்டுவிட வேண்டும். அந்தக் காயில் 16 வோல்ட் கரண்ட்டை ஒரு கணம்தான் தாங்கும். பொத்தான் ஒட்டிக்கொண்டு கரண்ட் தொடர்ந்து போனால் சூடேறி எரிந்துவிடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரப்போகிறது.

வீடு மாறும்போது வயர் பிடிக்கும் பித்தளை ஸ்க்ரூக்கள் சில காணாமல் போயின. விசாரித்ததில், பொம்மை ரயில், ரிமோட் கார் எல்லாம் பழுது பார்க்கிறவர் என்று ஒருவரைச் சொன்னார்கள். போய்ப் பெட்டியைக் காட்டினேன். மீதி இருந்த பித்தளை ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்து, இதே மரை வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு பார்வை பார்த்தார், அளக்கக்கூட இல்லை. "அண்ணே, இது அமெரிக்கன் சைஸ், ஒரிஜினலே நம்மகிட்ட இருக்கு. ஒண்ணு தொண்ணூறு ரூபா ஆகும். பெட்டியக் குடுத்துட்டுப் போங்க, நானே மாட்டித் தர்றேன்" என்றார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு, வேலை முடிந்ததும் தருவதாகச் சொன்னார். கடைசி வரை தரவில்லை.

திரும்ப வாங்கியபோது எல்லா இடத்திலும் வெள்ளையாகப் பளபளக்கும் இரும்பு ஸ்க்ரூ. காணாமல் போனவற்றுக்கு மட்டும் மாற்றச் சொன்னேன். நன்றாக இருந்த பித்தளை ஸ்க்ரூக்களையும் கழற்றிவிட்டு எண்ணிக்கையைக் கூட்டியிருந்தார். பழையதைக் கொடுங்கள் என்றால் குப்பையில் போட்டாச்சு என்கிறார். வீட்டில் வயர் மாட்டிக் கரண்ட் கொடுத்து, முதல் பெட்டியின் பொத்தானை அழுத்தி விட்டேன். பாயின்ட் டக்கென்று விழுந்தது. சற்று நேரத்தில் பலகைக்கு அடியிலிருந்து வார்னிஷ் கருகும் வாடை. சுவிட்சை அணைப்பதற்குள் காயில் போய்விட்டது.

பெட்டியைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. புது ஸ்க்ரூ பழையதைவிட நீளம். அதன் முனை உள்ளே துருத்திக்கொண்டு தொடுப்புத் தகட்டை அழுத்தியபடி நின்றிருக்கிறது. பொத்தானிலிருந்து கையை எடுத்தாலும் கரண்ட் நிற்க வழியில்லை. போதாததற்கு, முறுக்கி ஏற்றிய வேகத்தில் ஒரு பெட்டியின் பிளாஸ்டிக் ஓரம் விரிசல் விட்டிருந்தது.

கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் மரை தூரத்தை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். பெட்டியில் இருந்த மரை 4-40, அதாவது அங்குலத்துக்கு 40 மரை உள்ள அமெரிக்க அளவு. உள்ளே ஏற்றியிருப்பது எம்3 என்கிற மெட்ரிக் அளவு, சாதாரண ஹார்டுவேர் கடையில் ஓரிரண்டு ரூபாய்க்குக் கிடைப்பது. 4-40-இன் விட்டம் 2.84 மில்லிமீட்டர், எம்3-க்கு 3. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம் 4-40-இல் 0.635 மில்லிமீட்டர், எம்3-இல் 0.5. முதல் ஒரு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். அதற்கு மேல் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருகினால், இரும்பு ஸ்க்ரூ, பெட்டிக்குள் மரை வெட்டியிருக்கும் மெத்தென்ற பித்தளைத் துண்டைக் கரும்பு தோலைச் சீவுவதுபோலச் சீவிக்கொண்டே போகும். அதைத்தான் செய்திருக்கிறார்.

இன்னொரு ஏமாற்றும் இதில் உண்டு. பழைய மின்சாதனக் கடைகளில் 6பிஏ என்று பிரிட்டிஷ் அளவு ஸ்க்ரூ இருக்கலாம். அதன் விட்டம் 2.8. வெர்னியரில் வைத்தால் 4-40 என்றே தோன்றும், மரை தூரம் மட்டும் 0.53. ஆகவே விட்டத்தை மட்டும் அளந்து காட்டி "சரியா இருக்குண்ணே" என்றால் நம்பாதீர்கள். மரையை எண்ணச் சொல்லுங்கள். ஸ்கேல் மேல் ஸ்க்ரூவைப் படுக்க வைத்து 5 மில்லிமீட்டருக்குள் எத்தனை மரை என்று பார்த்தால் எம்3-இல் பத்து வரும், 6பிஏ-வில் ஒன்பதுக்கு மேல், 4-40-இல் எட்டு. செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் எண்ணுவது சிரமமே இல்லை. ஆன்லைனில் டப்பா டப்பாவாக விற்கும் ஸ்க்ரூ செட்டில் பெரும்பாலும் எம் வகைதான், தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும்.

சரியான ஸ்க்ரூ எங்கே கிடைக்கும் என்றால், பழைய கம்ப்யூட்டரில். மானிட்டரின் விஜிஏ கேபிளை இறுக்கும் இரண்டு ஸ்க்ரூவும் 4-40. கம்ப்யூட்டரின் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்கைப் பிடிக்கும் ஸ்க்ரூ 6-32, அதுவும் அமெரிக்க அளவுதான். சிடி டிரைவைப் பிடிப்பது எம்3. இந்த மூன்றையும் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் உங்கள் பெட்டியின் மரை எது என்று வீட்டிலேயே சோதிக்கலாம். எல்லாக் கம்பெனிப் பெட்டியிலும் 4-40 இருக்காது, அதனால் சோதிக்காமல் வாங்க வேண்டாம். விரல் நுனியால் மட்டும் திருகுங்கள். இரண்டு மூன்று சுற்று தானாக ஏறினால் அதுதான் அளவு. இறுகினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

விஜிஏ ஸ்க்ரூ நீளமாக இருக்கும், வெட்டித்தான் ஆக வேண்டும். முதலில் அதே மரையுள்ள நட் ஒன்றை ஏற்றிவிட்டு வெட்டி, அரத்தால் முனையைத் தேய்த்து, பிறகு நட்டைக் கழற்றினால் வெட்டுப்பட்ட மரை சீராகிவிடும். பழைய ஸ்க்ரூவின் நீளத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

சிதைந்த இடங்களை லேத் பெரியவர் 2.9 மில்லிமீட்டர் துளையாகப் பெரிதாக்கி, எம்3.5 டேப் என்கிற மரை வெட்டும் கருவியைப் போட்டுப் புது மரை எடுத்துக் கொடுத்தார். பித்தளைத் துண்டில் கனம் இருந்ததால் தப்பித்தது. விரிசல் விட்ட பெட்டியை எதுவும் செய்ய முடியவில்லை. இப்போது கரண்ட் வரும் வழியில் ஒரு கபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட்டும் சேர்த்திருக்கிறேன். கபாசிட்டரில் சேர்ந்த மின்சாரத்தை ஒரே வீச்சில் கொடுத்துவிட்டு, பொத்தானை விடும்வரை அடுத்த வீச்சு கொடுக்காது. பொத்தான் ஒட்டிக்கொண்டாலும் காயில் பிழைக்கும். கன்ட்ரோல் பெட்டி பழையதாக இருந்தால் இதைக் கட்டாயம் போடுங்கள்.

கடைக்காரரிடம் திரும்பப் போய் எரிந்த மோட்டாரைக் காட்டினேன். "பழைய சாமான்ணே, அப்பிடித்தான் இருக்கும், நான் என்ன செய்ய" என்று அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம் பணத்துக்காக இல்லை. அந்தப் பித்தளை ஸ்க்ரூக்கள் சித்தப்பா கொண்டுவந்த செட்டோடு வந்தவை. கழற்றியதை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தால்கூட அளவு பார்க்க உதவியிருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிந்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் ஜிபே பதிவும் வாட்ஸ்அப்பில் அவர் "ஒரிஜினல் ஸ்க்ரூ ரெடி" என்று அனுப்பிய செய்தியும் இருக்கின்றன. பணம் திரும்ப வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இதே கடைக்காரரிடம் ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் பணம் கொடுத்த பதிவை அழிக்காமல் வைத்துக்கொண்டு என்னிடம் சொல்லுங்கள்.

மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் யாருக்காவது 4-40 தேவைப்பட்டாலும் கேளுங்கள். பழைய விஜிஏ கேபிள்கள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன், காசு வேண்டாம். வரும்போது உங்கள் பெட்டியையும் கொண்டுவாருங்கள், கண்ணெதிரிலேயே மரையை எண்ணிப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன்.