முள் நடுவில்தான் நிற்கிறது, ஃபேன்தான் ஓயவில்லை: லாரி விஸ்கஸ் கிளட்ச் அனுபவம்

ஃபேன் கிளட்ச் புதிதாக மாட்டி, பில்லும் கட்டியாகிவிட்டது. ரேடியேட்டர் ஃபேனைச் சூடு ஏறினால் இன்ஜின் ஓட்டத்தோடு பிடித்தும், ஆறினால் விட்டும் ஓட்டும் பாகம் அது; உள்ளே இருக்கும் கெட்டி ஆயிலால் பிடிப்பதால் ‘விஸ்கஸ்’. “வண்டி ஹீட்டே ஆகலையே, அப்புறம் ஏன் மாத்தினீங்க?” என்றுதான் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஹீட் ஆகாததுதான் கோளாறே.

இந்தக் கிளட்ச் இரண்டு விதமாகக் கெடும். பிடிக்காமல் போனால் தொப்பூர் கணவாயில் லோடோடு ஏறும்போதே சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடும், ஏசி சூடாக ஊதும், டிரைவர் போன் போட்டுவிடுவார். அன்றைக்கே தெரிந்துவிடும். பிடித்த பிடியை விடாமல் போனால், அதாவது பட்டறை பாஷையில் ‘டைரக்ட்’ ஆகிவிட்டால், டேஷ்போர்டில் ஒன்றும் தெரியாது. முள் வழக்கத்தைவிட அழகாக நிற்கும். மைலேஜ் இறங்கும், டாப் கியரில் இழுவை மந்தமாகும். பழி முதலில் இன்ஜெக்டர் மேல், பிறகு டர்போ மேல், பங்க் மேல், கடைசியில் டிரைவர் மேல். என் எரிச்சல் முழுக்க இதில்தான்: கெட்டதைக் காட்டிக்கொள்ளாமல் டீசலைக் குடிக்கும் பாகம் இது.

பெரிய லாரியின் ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் 20 முதல் 40 குதிரைத்திறன் வரை இன்ஜினிடமிருந்து பிடுங்கும். வேகம் இரண்டு மடங்கானால் அது தின்னும் சக்தி எட்டு மடங்கு. அதனால்தான் கிளட்சே வைத்தார்கள். சமதளத்தில் காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் அடிக்கும்போது ஃபேனுக்குப் பெரும்பாலும் வேலை கிடையாது.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். ஆனால் எந்தச் சத்தம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் ‘ஹோ’வென்று இரையும். அது கோளாறு அல்ல. நின்ற நேரத்தில் உள்ளே இருக்கும் சிலிகோன் ஆயில் அதன் கலத்திலிருந்து வடிந்து, பிடிக்கும் பள்ளங்களுக்குள் இறங்கியிருக்கும்; அங்கே ஆயில் இருந்தால் ஃபேன் பிடிக்கும், கலத்துக்குத் திரும்பினால் விடும். 1500 ஆர்பிஎம்மில் ஒன்றிரண்டு நிமிடம் ஓடினால் ஆயில் திரும்பிப் போய், சத்தம் அடங்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகியும், கூலன்ட் இன்னும் சூடேறாதபோதே இரைச்சல் அடங்கவில்லை என்றால் கிளட்ச் ஒட்டியிருக்கிறது. ஐடிலில் நிறுத்தி வைத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஐடிலில் ஆயில் திரும்புவது மெதுவாகத்தான் நடக்கும்.

அடுத்தது கைச் சோதனை. இன்ஜின் நின்று, சாவி வெளியே வந்து, பேட்டரி கட்-ஆஃப் போட்ட பிறகு பிளேடைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஃபேன் அடங்கி ஓடிய பிறகு நிறுத்திய வண்டியில் லேசான இழுப்போடு சுற்ற வேண்டும். பிளேடைத் தள்ளினால் புல்லியும் பெல்ட்டும் சேர்ந்தே அசைய முயன்றால் உள்ளே ஜாம். தட்டிவிட்டதும் பல சுற்று தானாகவே ஓடினால் ஆயில் போய்விட்டது. பிளேடு நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 6 மிமீக்கு மேல் ஆடினால் பேரிங் முடிந்தது. உருட்டிய நியூஸ்பேப்பரை ஓடும் ஃபேனுக்குள் விட்டு நிறுத்திப் பார்க்கும் வித்தையை லாரியில் யாரும் செய்ய வேண்டாம். பேப்பரோடு கையும் போகும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு பிளேடில் ஒளிரும் டேப் ஒட்டி, சுற்று வேகம் அளக்கும் டேகோமீட்டர் வைத்துப் பாருங்கள். விட்டு ஓடும் ஃபேன் புல்லி வேகத்தில் கால்வாசி அளவில் சுற்றும். பிடித்து ஓடினால் புல்லியை நெருங்கிவிடும்.

இனி நியாயமாகவும் பேச வேண்டும். கிளட்சின் முன்பக்க நடுவில் கடிகாரச் சுருள் போல ஒரு பைமெட்டல், அதாவது இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை இருக்கிறது. அது உணர்வது தண்ணீரின் சூட்டை அல்ல, ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்றின் சூட்டை. காற்று சூடானால் சுருள் திரும்பி வால்வைத் திறக்கும். ஆயில் பள்ளங்களுக்குள் போய்ப் பிடிக்கும். டர்போ காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் வைக்கோல் தூளும் சிமென்ட் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்பிக்கிடந்தால் காற்று குறைவாக, அதிகச் சூடாக வரும். கிளட்ச் ஓயாமல் பிடிக்கும். அது அதன் வேலையைத்தான் செய்கிறது. முன்னால் தண்ணீர் அடித்துப் பளபளவென்று காட்டினால் போதாது. இரண்டையும் விலக்கி, இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஏர் அடிக்க வேண்டும். சுருளை மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும். பிரஷர் வாஷரை நேராகச் சுருள் மேல் பிடித்தால் அதுவே வளையும்.

தூசி இல்லை, காற்றும் சூடில்லை, ஆனாலும் விடவில்லை என்றால் குற்றவாளி உள்ளேதான். ஆயில் திரும்பும் துளை அடைத்திருக்கும், வால்வு திறந்தபடி சிக்கியிருக்கும், பேரிங் தூள் பள்ளத்தில் இறுகியிருக்கும், அல்லது வருடக்கணக்கில் சூடுபட்டு ஆயிலே கெட்டியாகியிருக்கும். இதில் எதையும் ரோட்டோரத்தில் சரிசெய்ய முடியாது. ‘ரீகண்டிஷன்’ என்று துளை போட்டு ஆயில் நிரப்பித் தருகிறார்களே, அதில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். எந்தத் தடிப்புள்ள ஆயில், எத்தனை மில்லி என்பது அளந்து வைக்க வேண்டிய விஷயம். கொஞ்சம் கூடினாலே திரும்பிப் போக இடமில்லாமல் மறுபடியும் டைரக்ட். காசு கொடுத்து அதே கோளாறை வாங்கி வருகிறோம்.

இதைவிட மோசம், கிளட்சை வெல்டு வைத்து நிரந்தரமாகப் பிடிக்க வைப்பது. இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து வண்டியை இழுத்துப் பிடிப்பது) போட்டு இன்ஜின் வேகம் ஏறும்போது ஃபேனுக்குத் தப்பிக்க வழியில்லை. பெல்ட் தேயும், ஹப் பேரிங் போகும், ஒரு நாள் பிளேடு முறிந்து ரேடியேட்டரைக் கிழிக்கும்.

பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பலவற்றில் மின்னணுக் கிளட்ச். பைமெட்டல் சுருளுக்குப் பதில் மின்காந்தம். வால்வை ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் இயக்குகிறது. கண்டுபிடிப்பதில் இது சொர்க்கம். ஈசியூவோடு பேசும் ஸ்கேன் டூல் போட்டு ஃபேன் கட்டளையைக் குறைத்து, 1500 ஆர்பிஎம்மில் சில நிமிடம் ஃபேன் வேகத்தைப் பாருங்கள். ஈசியூ ‘விடு’ என்கிறது, வேகம் இறங்கவில்லை என்றால் வயரிங்கும் கனெக்டரும் நன்றாயிருக்கும் பட்சத்தில் கிளட்ச் போச்சு. ஈசியூவே ‘பிடி’ என்றால் யார் கேட்கிறார்கள் என்று தேடுங்கள்: கூலன்ட் சென்சார், உள்ளே போகும் காற்றின் சூடு, ஏசி பிரஷர். ஏசியில் கேஸ் அதிகம் அடைத்துவிட்டால் பிரஷர் ஏறி, ஃபேன் ஓயாமல் ஓடும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகியிருப்பதால் இதை இனி அடிக்கடி பார்ப்போம். ஃபேன் கிளட்ச் சர்க்யூட்டைக் குறிக்கும் எஸ்பிஎன் 647 கோளாறு கோடு வந்தால் கிளட்சைக் கழற்றும் முன் வயரைப் பாருங்கள். அதோடு வரும் கோளாறு வகை எண் எஃப்எம்ஐ 5 என்றால் பெரும்பாலும் எங்கோ அறுந்திருக்கிறது. கனெக்டரைப் பிடுங்கிச் சோதிப்பது வீண். இன்ஜினைக் காப்பாற்ற, மின்சாரம் போனால் முழுசாகப் பிடிக்கும்படிதான் பெரும்பாலான கிளட்சுகளைச் செய்திருக்கிறார்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். புது கிளட்சைக் கடையிலிருந்து கொண்டுவரும்போதும் வண்டியில் நிற்பது போலவே நிமிர்த்தி வையுங்கள்; படுக்க வைத்தால் ஆயில் பேரிங் வழியாகக் கசியலாம். சென்டர் நட் மாடல்களில் சிலவற்றுக்கு இடது மரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டியது), தெரியாமல் மல்லுக்கட்டினால் தண்டு போகும். ஹப் பேரிங்கையும் பெல்ட் டென்ஷனரையும் அப்போதே ஆட்டிப் பாருங்கள். ஆடும் ஹப்பில் புது கிளட்ச் நிலைக்காது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, பிளேடு கவசத்தில் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

மாற்றியதும் முதலில் தெரிவது மைலேஜ் அல்ல, அமைதி. அறுபதில் போகும்போது டயர் ரோட்டில் உரசும் சத்தம் கேட்கிறது. பாட்டின் சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்து வைக்கலாம்.

பழைய வண்டி வாங்கப்போகும் நண்பர் கேட்டது: மின்னணுக் கிளட்ச் வண்டியா, பைமெட்டல் வண்டியா? மின்னணுவை இவ்வளவு புகழ்ந்துவிட்டு, பைமெட்டல் என்றுதான் சொல்வேன். அறுந்துபோக அதில் வயர் இல்லை. பில்லின் சூடு ஆறிய பிறகு கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம். எதுவானாலும் வண்டி பார்க்க விடிகாலையில் போகச் சொல்லுங்கள், பானெட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் அந்த முதல் ஐந்து நிமிடச் சத்தத்தை அன்றைக்குக் கேட்க முடியாது. மறுநாள் போக வேண்டும்.