குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு: காரா, பைக்கா, சைக்கிளா, ரயிலா?

சென்னையில் ஆபீசுக்கு எதில் போவது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் சண்டைதான் வரும். எங்கிருந்து எங்கே என்று சொன்னால் கணக்குப் போடலாம். குரோம்பேட்டையிலிருந்து கிண்டி தொழிற்பேட்டை வரை என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. ரோடு என்கிற நெடுஞ்சாலையில் நேராகப் போனால் பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர். ரோட்டை ஒட்டியே தண்டவாளமும் ஓடுகிறது. சைக்கிளில் மிதிக்க முடியாத தூரமுமில்லை, கார் எடுத்தே தீரவேண்டிய தூரமுமில்லை.

காரை முதலிலேயே முடித்துவிடலாம். போக வர 24 கிலோமீட்டர். பல்லாவரம், விமான நிலையம், கத்திப்பாரா மேம்பாலம் என்று நின்று நின்று போகிற ஓட்டத்தில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிடைத்தாலே பெரிது. பெட்ரோலை நூறு ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 200, மாதம் 25 நாளுக்கு 5,000. ஒற்றை ஆளுக்கு இது அதிகம். தொழிற்பேட்டையின் உள்தெருக்களில் லோடு இறக்கும் லாரிக்கே இடம் போதாது, அதில் காரை எங்கே நிறுத்துவது? மூன்று பேர் சேர்ந்து பெட்ரோலைப் பங்கு போட்டுப் போவதென்றால் சரி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சரி. மற்றவர்கள் ஏசிக்காகத்தான் கார் எடுக்கிறார்கள். ஏசிதான் வேண்டுமென்றால் 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயிலே ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். நேரம் மட்டும் நம் நேரத்தோடு ஒத்துவர வேண்டும், ஏனென்றால் அதன் நடைகள் குறைவு.

உண்மையான போட்டி பைக்கோடுதான். வீட்டு வாசலில் ஏறி ஆபீஸ் வாசலில் இறங்கலாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். நாளுக்கு அரை லிட்டர் சொச்சம் போகும், மாதம் 1,300 ரூபாய்ப் பக்கம் வரும். மின்சார ஸ்கூட்டராக இருந்தால் 24 கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குள் அடங்கிவிடும், அதாவது பெட்ரோல் செலவே இல்லாத மாதிரி. ஆனால் பேட்டரி வண்டிக்கும் கத்திப்பாரா கத்திப்பாராதான். காலை ஒன்பது மணிக்கு இரண்டு பஸ்களுக்கு நடுவில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்கும்போது கீழேயிருந்து தார்ச் சூடு, பக்கத்திலிருந்து இன்ஜின் சூடு, மேலே வெயில், தலையில் ஹெல்மெட். ஆபீஸ் சேர்ந்ததும் முதல் அரை மணி நேரம் வேலை ஓடாது. பைக் கணக்குப் போடுகிறவர்கள் இதைச் சேர்ப்பதே இல்லை. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டு பெட்ரோலை மட்டும் சொல்கிறவர்களும் நிறைய.

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே சைக்கிளை வாழ்த்துகிறவர்களும் கேலி செய்கிறவர்களும் பெரும்பாலும் ஓட்டாதவர்கள். சென்னை தட்டையான ஊர், இந்த வழியில் பாலங்களை விட்டால் மேடு என்று ஒன்றுமில்லை. பன்னிரண்டு கிலோமீட்டரை நிதானமாக மிதித்தால் 45, 50 நிமிடம். அதே ரோட்டில் நெரிசல் நேரத்தில் கார்க்காரரும் இதைவிடப் பெரிதாக முந்திவிடுவதில்லை. செலவு என்றால் எப்போதாவது ஒரு பஞ்சர், ஒரு பிரேக் கட்டை. அம்பத்தூரில் பல காலமாகச் சைக்கிள் செய்த ஊர் இது. மாநகராட்சியும் 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் மிதிக்கும்போது அப்படி ஒரு கொள்கை இருப்பதாகவே தோன்றாது.

வெயில்தான் தடை என்பார்கள். எனக்கு அது இரண்டாவது தடைதான். ஏழு மணிக்குக் கிளம்பினால் ஏப்ரலில்கூட ஓட்டிவிடலாம். பரங்கிமலை கன்டோன்மென்ட் பக்கம் மரநிழல் உண்டு. வெயிலைவிடக் காற்றிலுள்ள ஈரப்பதம்தான் படுத்தும். மிதிக்கும்போது தெரியாது, நிறுத்திய அடுத்த நிமிடம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆபீசில் குளிக்க ஒரு குழாயும் கதவுமாவது இருந்தால் இது தீர்ந்தது. இல்லையென்றால் சைக்கிள் பேச்சையே எடுக்க வேண்டாம். சாயங்காலம் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும். தென்மேற்கே திரும்பி வருகிறவருக்கு அது ஜில்லென்று இருக்கும், கூடவே பக்கவாட்டில் தள்ளும்.

முதல் தடை கத்திப்பாராதான். 2008-ல் திறந்த இந்தப் பாலம் குளோவர் இலை வடிவத்தில், அதாவது வளையம் வளையமான இணைப்புப் பாதைகளோடு கட்டியது. இந்த வடிவத்தில் பிரிகிற பாதையும் சேர்கிற பாதையும் இடப்பக்கமாகவே வரும். சைக்கிள்காரர் ஒழுங்காக இடது ஓரமாகப் போவதுதான் இங்கே ஆபத்து. நேராகப் போக நினைக்கிற அவரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பஸ் இடப்பக்கம் பிரியும், கொஞ்சம் தள்ளி இன்னொன்று வேகமாக வந்து சேரும். கையைக் காட்டினால் நிற்பார்கள் என்று நம்பி அங்கே மிதிக்கக் கூடாது. நங்கநல்லூர், ஆதம்பாக்கம் என்று உள்தெருக்களில் சுற்றினால் பாலத்தின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். தூரம் கூடும், வேகத்தடைகளும் தெருநாய்களும் கூடும், ஆனாலும் உயிர் பயம் இல்லை.

இப்போது ரயில். குரோம்பேட்டைக்கு அடுத்து பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, பிறகு கிண்டி. இருபது நிமிடம், டிக்கெட் ஐந்து ரூபாய். தினமும் டிக்கெட் எடுத்தாலும் மாதம் 250. சீசன் எடுத்தால் அதைவிடக் குறைவு. காரோ பெட்ரோல் பைக்கோ இந்த விலைக்கு அருகில் வராது. நெரிசல் நேரத்தில் தாம்பரத்திலேயே நிரம்பி வரும் வண்டி என்பதால் உட்காரும் நினைப்பை விட்டுவிட வேண்டும். கதவோரம் தொங்குகிற பையன்களைத் தாண்டி உள்ளே போய்விட்டால் மின்விசிறிக்குக் கீழே ஓரளவு காற்று உண்டு. வேலை தொழிற்பேட்டையில் இல்லாமல் நந்தனத்திலோ ஆயிரம் விளக்கிலோ இருந்தால் கிண்டியில் இறங்கி அப்படியே மெட்ரோவுக்கு மாறலாம். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட்.

பெண்களுக்கு மட்டும் கணக்கு வேறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் அவர்களுக்கு டிக்கெட் இல்லை. ஐந்து ரூபாய்க்கும் பூஜ்யத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர் மாதக் கடைசியை அறியாதவர். ஆனால் பஸ் போவது பைக் மாட்டிக்கொள்ளும் அதே ரோட்டில்தான். நேரம் கையிலிருந்தால் பஸ், இல்லையென்றால் ரயில். ஆண்களுக்கு 1,000 ரூபாய் மாத பாஸ், பல இடங்களுக்கு அலைகிற விற்பனைப் பிரதிநிதிக்குத்தான் லாபம்.

ரயிலின் பலவீனம் இரண்டு முனைகளில் இருக்கிறது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் என்றால் ஆட்டோ ஏறினதுமே ஐந்து ரூபாய் டிக்கெட்டின் அருமை போய்விடும். சைக்கிளின் இடம் இங்கேதான். பழைய சைக்கிள் போதும். ஸ்டாண்டில் பைக்குகளுக்குப் பின்னால் மூலையில் தள்ளி வைப்பார்கள், எடுக்கும்போது ஹேண்டில்பார் சிக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பத்து நிமிட மிதிப்பில் சட்டை நனையாது, கத்திப்பாராவும் குறுக்கே வராது. கிண்டியில் இறங்கி நடந்தால் தொழிற்பேட்டை. என் ஓட்டு இந்தக் கூட்டணிக்குத்தான்.

பெருமழைக்கு இதுவும் தாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சார ரயில்களே நின்றன. ஆனால் அப்படிப்பட்ட நாளில் சுரங்கப்பாதையெல்லாம் தண்ணீர் நிற்க, பைக்கும் காரும் மட்டும் எங்கே போய்விடும்? 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவைத்தார்கள்.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் நான் ரயிலைச் சொல்ல மாட்டேன். காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் டியூஷனிலிருந்து அழைத்துக்கொண்டு, வழியில் காய்கறியும் வாங்கி வருகிறவர்கள் ஸ்கூட்டரையே வைத்துக்கொள்ளட்டும். முடிந்தால் பேட்டரி வண்டியாக.