கரிமணல் கரையில் எக்ஸ்-மேக்ஸ்: ஸ்டீல் ஷாஃப்டா, பிளாஸ்டிக்கா?

ரிமோட்டில் ஓட்டும் பெரிய ஆர்.சி. வண்டி வைத்திருக்கிற யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: "கம்பெனி போட்டுத் தந்த பிளாஸ்டிக் ஷாஃப்டை கழத்திப் போடு மக்கா, ஸ்டீல் சிவிடி வாங்கு." ஷாஃப்ட் என்பது சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு; சிவிடி அதன் ஸ்டீல் வகை. டிராக்ஸஸ் எக்ஸ்-மேக்ஸ் எட்டரைக் கிலோவுக்கு மேல் எடை. நான்கு செல் கொண்ட 4S பேட்டரி இரண்டைச் சேர்த்தால் 8S, அதாவது 29.6 வோல்ட். அப்படிப்பட்ட வண்டிக்கு அந்த யோசனை தப்பே இல்லை. ஆனால் நான் ஓட்டுவது குமரி மாவட்டக் கடற்கரையில்: சொத்தவிளையில், சில ஞாயிறுகளில் மண்டைக்காட்டுப் பக்கம். இரண்டு வகையையும் ஓட்டிப் பார்த்த பிறகு, இப்போது நான்கு சக்கரத்துக்கும் பிளாஸ்டிக்தான்.

பலத்தில் போட்டியே இல்லை, ஸ்டீல்தான். கூடுதல் எடையை அந்த மோட்டார் கண்டுகொள்ளாது. விலையில் பிளாஸ்டிக் மலிவு என்பதும் தெரிந்ததே. எந்த ஷாஃப்டைப் போட்டாலும் பேரிங் தேய்ந்து போகும், அதனால் அந்தக் கணக்கு இதில் வராது. இங்கே வழக்கைத் தீர்ப்பது ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்த பிறகு செய்கிற வேலை.

பிளாஸ்டிக் ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு சுருங்கும் இரண்டு துண்டு. ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் சக்கரத்தை மேலும் கீழும் அசைத்தால், பள்ளம் பள்ளமாக இருக்கிற அந்த இடுக்கிலிருந்து மணல் கறுப்பாக வழியும். தண்ணீர் தெளியும் வரை அசைத்து, உதறி, ஃபேனுக்குக் கீழே வைத்தால் வேலை முடிந்தது. அதில் கிரீஸ் மட்டும் போடக் கூடாது. கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூட்டில் இருக்கும் சின்னப் பின்கள் மட்டும்தான் இரும்பு; அவற்றுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

ஸ்டீலில் உருண்டையான மூட்டு, அதன் குறுக்கே ஒரு பின், பின்னைப் பிடிக்கத் தலையில்லாத ஒரு சின்ன ஸ்க்ரூ (கிரப் ஸ்க்ரூ). ஸ்க்ரூ அதிர்ந்து கழன்றுவிடாமலிருக்க லாக்டைட் என்ற பசை. சுத்தம் செய்ய வேண்டுமானால் சால்டரிங் அயர்னை வைத்துச் சூடாக்கி லாக்டைட்டை இளக்க வேண்டும். சூடு போதாமல் திருகினால் ஆலன் கீ வழுக்கி ஸ்க்ரூவின் வாய் உருண்டு போகும். பின்னைத் தட்டி எடுத்து, பெட்ரோலில் கழுவி, துடைத்து, கிரீஸ் வைத்து, மறுபடி லாக்டைட். இதை நான்கு ஷாஃப்டுக்கும் செய்ய வேண்டும். சோம்பலில் ஒரு இரவு விட்டால் காலையில் பின்னைச் சுற்றிச் செம்பழுப்பில் ஒரு கோடு விழுந்திருக்கும். கடலோரத்தில் பல வீடுகளில் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும், அதில் கழுவினால் துரு இன்னும் சீக்கிரம் வரும். விற்க நினைக்கும்போதும், வாங்க வருகிறவன் முதலில் குனிந்து பார்ப்பது அந்த மூட்டைத்தான்.

உப்பு போதாதென்று நம் மணலும் சேர்ந்துகொள்கிறது. மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ. என்ற மணல் ஆலை இருப்பதே இந்தக் கரையில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் போன்ற கனிமங்கள் எல்லாம் கிடைப்பதால்தான். கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற பொருள். கிரீஸில் அது கலந்தால் மூட்டுக்குள் உப்புத்தாளை வைத்துச் சுற்றின மாதிரிதான். வேறு ஊரில் பழைய கிரீஸை விரலில் எடுத்துக் காந்தத்தைக் காட்டினால், இரும்பு தேய்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இங்கே அந்தச் சோதனை எடுபடாது. நல்ல காந்தமாக இருந்தால் கரிமணலும் ஒட்டும். ஆலையிலேயே இல்மனைட்டைக் காந்தம் வைத்துத்தானே பிரிக்கிறார்கள்! நான் பெட்ரோலில் கரைத்து வெள்ளைத் தாளில் ஊற்றி வெயிலில் பார்ப்பேன். உருண்டை மணியாக இருந்தால் மணல், செதிலாக மின்னினால் இரும்பு.

இன்னொன்று, உடைகிற இடம். எக்ஸ்-மேக்ஸில் குஷ் டிரைவ் என்று ரப்பர் வைத்து அதிர்ச்சியை வாங்கும் ஏற்பாடு உண்டு. ஆனாலும் ஆக்சிலரேட்டரை விடாமல் வண்டி மேட்டிலிருந்து தரையில் விழும்போது சக்கரம் சட்டென்று பிடிபட்டு, அந்த அடி எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். ஷாஃப்ட் பிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் அதுவே முறிந்து நின்றுவிடும், நாலு ஸ்க்ரூவில் மாற்றிவிடலாம். ஷாஃப்ட் உடைய மறுத்தால் அடி டிஃபுக்கு, அதாவது இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டிக்குப் போகும். அதன் பல் போனால் கேஸைத் திறந்து, ஆயிலை வடித்து, புதுக் கியர், புது கேஸ்கெட் என்று வேலை நீளும். அந்தப் பாகம் நாகர்கோவிலில் கடையில் கிடைக்கிற சாமானும் இல்லை. ஆன்லைனில் ஸ்டாக் வரும் வரை வண்டி பரண்மேல் இருக்கும்.

இதற்காக எல்லாருக்கும் பிளாஸ்டிக் என்று சொல்லிவிட முடியாது. குலசேகரம், திற்பரப்புப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஓட்டுகிறவர்களுக்கு உப்புமில்லை, கரிமணலுமில்லை. வேரும் கல்லுமாக இருக்கிற அந்த மண்ணில் ஸ்டீல்தான் சரி. கழுவித் துடைத்தால் பல நாள் தாங்கும். 8S முழு வேகத்தில் ஆளுயரத்துக்கு மேல் குதிக்க விடுகிறவர்களும் ஸ்டீலையே பார்க்கலாம். நான் அந்த அளவுக்குப் பறக்க விடுகிறவன் இல்லை, அதனால் பிளாஸ்டிக் அங்கே எவ்வளவு தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பின்னால் ஸ்டீல், முன்னால் பிளாஸ்டிக் என்று கலந்து போடுவதும் உண்டு. நண்பர் ஒருவர் அப்படி ஓட்டுகிறார், இதுவரை குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கடற்கரைக்கு வருவதும் அபூர்வம்.

எது போட்டாலும் தரை தொடும் முன் ஆக்சிலரேட்டரை விடுங்கள். பிளாஸ்டிக் என்று முடிவெடுத்தால் கூடவே ஒரு ஜோடி உதிரி ஷாஃப்டையும் டிஃப் கேஸ்கெட்டையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள். தனியாக வரவழைத்தால் கூரியர் காசு பொருளின் விலையை எட்டிவிடும்.