அண்ணா, அத்தான், ஒப்பா: கொரியத் தொடர்களோடு என் ஆறு வருடச் சண்டை

நேற்று தோழி ஃபோனில் கேட்டாள்: "கொரியன் சீரியல் பாக்கலாம்னு இருக்கேன்டி. தமிழ் டப்பிங்ல பாக்கவா, கொரியன்லயே வச்சு சப்டைட்டில் படிக்கவா?" ஃபோனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2020 ஊரடங்கில் நானும் அம்மாவும் பார்க்க ஆரம்பித்தோம். நடிப்பு நன்றாக இருக்கும், பெரும்பாலும் 16 எபிசோடில் கதை முடிந்துவிடும், சாப்பாட்டுக் காட்சி வந்தால் நமக்கும் பசிக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் ஒன்றே ஒன்று. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை மொழிபெயர்ப்பில் தொலைத்துவிடுகிறார்கள்.

கொரியாவில் தம்பி அண்ணனை 'ஹ்யோங்' என்பான், தங்கை 'ஒப்பா' என்பாள். அக்காவைத் தம்பி 'நூனா' என்றும் தங்கை 'ஒன்னி' என்றும் கூப்பிட வேண்டும். பெயருக்குப் பின்னால் 'ஷி', 'நிம்' என்று மரியாதை வரும். வினைச்சொல்லின் கடைசியிலும் மரியாதை ஏறும், இறங்கும். காதில் தெளிவாக 'ஒப்பா' என்று விழும்போது கீழே எழுத்தில் அவன் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கும். நம் வீட்டில் எந்தத் தங்கை அண்ணனை அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்?

பழகிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவர் ஒரு கட்டத்தில் 'பேச்சை இறக்கி வைக்கலாமா?' என்று கேட்பார். 'இனிமே நீ, வா, போன்னே பேசிக்கலாமா?' என்று நாம் கேட்போமே, அதேதான். பல காதல் கதைகளில் மனசு நெருங்குகிற இடம் அதுதான். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டும் ஒன்று என்பதால் அங்கே அது தொலைவது புரிகிறது. தமிழில் ஏன் தொலைய வேண்டும்? ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போன வாரம் ஒரு தொடரில், தமிழ்க் குரலில், மருமகள் மாமியாரிடம் "நீ ஏன் இப்படிச் செய்தாய்?" என்றாள். அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "மாமியாரைப் போய் நீங்கிறா! இவ கெட்டவளா?" அந்த மருமகள் தங்கமானவள். கொரியனில் அவள் வாயிலிருந்து ஒரு மரியாதைக் குறைவான சொல்கூட வரவில்லை.

இதில் மொழிபெயர்ப்பவருக்கு இருக்கும் கஷ்டமும் எனக்குத் தெரியும். 'ரிப்ளை 1988' தொடரைப் பார்த்தவர்களுக்கு சன்வூவை நினைவிருக்கும். தன் தோழி தொக்சனின் அக்கா போராவைக் காதலிப்பான். 'நூனா, நூனா' என்று அவன் கூப்பிடுவதிலேயே வயது வித்தியாசம், தயக்கம், ஆசை மூன்றும் இருக்கும். அதை 'அக்கா' என்று எழுதினால் தமிழில் காதலுக்குக் கதவே அடைத்துவிடும். காதலனையும் 'ஒப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள்; அதை 'அண்ணா' என்று போட முடியுமா? முடியாது. ஆனால் நம்மிடம் 'அத்தான்' இருந்ததே! நெருக்கமும் மரியாதையும் சேர்ந்த அருமையான சொல். அதை ஒரு தடவையாவது எழுதிப் பார்த்திருக்கலாம்.

சமையல் போட்டி வேறு கதை. 2024 செப்டம்பரில் வந்த 'கலினரி கிளாஸ் வார்ஸ்' முதல் சீசனை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். 100 சமையல்காரர்கள். பெயர் பெற்ற 20 பேர் வெள்ளைக் கரண்டி, மற்ற 80 பேர் கறுப்புக் கரண்டி. கறுப்பு அணியினருக்கு அங்கே சொந்தப் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்தவரும் அவர்களில் ஒருவர். இரண்டாம் சுற்றில் நடுவர்கள் பெக் ஜோங்-வொன், ஆன் சங்-ஜே இருவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். வாயைத் திறந்து காத்திருக்கிறார்கள், கவளம் உள்ளே போகிறது, மெல்லுகிறார்கள். தாடை அசைவதைப் பார்த்தாலே போதும், அங்கே எனக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. (நடுவர் வாயைத் திறந்து தீர்ப்புச் சொல்லப் போகும்போது வெட்டி, அதே முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.)

அந்தச் சுற்றில் 'இரும்புப் பெட்டி' என்று பட்டப்பெயர் கொண்டவர் வருவார். சீனச் சாப்பாடு டெலிவரி செய்பவர்கள் தூக்கிப் போகும் பெட்டி அது. அவருக்கு எதிரே சீனச் சமையலில் பெரிய குருவான யோ கியோங்-ரே. போட்டிக்கு முன்னால் இவர் தரையில் மண்டியிட்டு, நெற்றி தாழ, முழுசாக வணங்குகிறார். எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, அந்தக் குருவையே ஜெயிக்கிறார். எத்தனை 'நிம்' போட்டாலும் சொல்ல முடியாததை அந்த முதுகு சொல்லிவிட்டது.

ஆகவே தோழிக்கு: தொடர் என்றால் கொரியனில் பார், காதைத் தீட்டி வைத்துக்கொள். சமையல் போட்டி என்றால் சப்டைட்டிலை அணைத்துவிடு. படித்துக்கொண்டிருந்தால் கத்தி பிடிக்கும் கையைப் பார்க்க முடியாது. நெட்ஃப்ளிக்ஸ் சந்தா போடலாமா என்றால், இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த 'நீ'யைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை, நானும் புதுப்பிக்கவில்லை.

என் சந்தாவில் இன்னும் நான்கு நாள் மிச்சம் இருக்கிறது. "அந்தத் தம்பி விழுந்து கும்பிட்டாரே, அதை இன்னொரு வாட்டி போடு" என்று அம்மா கூப்பிடுகிறாள். போய்ப் போட வேண்டும்.