நியூட்ரான் விண்மீன் கணக்குக்கு ஒரு பழைய லேப்டாப்

வண்ணார்பேட்டையில் பழைய லேப்டாப் விற்கும் கடை ஒன்றில் 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். 2018 மாடல், ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓடி முடித்து வந்தது. எட்டாம் தலைமுறை ஐ5, நான்கு கோர், 8 ஜிபி ரேம். என் வேலை நியூட்ரான் விண்மீன்களுக்கு (பெரிய விண்மீன் வெடித்த பின் மிஞ்சும், மிக அடர்த்தியான உள்ளகம்) கணித மாதிரி போடுவது, அதுவும் ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாட்டைக் கொஞ்சம் மாற்றி. இதற்கு லட்ச ரூபாய் கேமிங் லேப்டாப் வேண்டும் என்று ஆராய்ச்சி மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். தேவையே இல்லை.

"கிராபிக்ஸ் கார்டு எதுக்கு தம்பி? வீடியோ எடிட் பண்ணப் போறீயளா?" என்று கடை அண்ணாச்சி கேட்டார். வெறும் கணக்குதான் என்றதும், "அப்ப துட்டு வேஸ்ட்" என்று விலை கூடினதை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். விண்மீனின் மையத்தில் தொடங்கி, அழுத்தம் பூஜ்யமாகும் மேற்பரப்பு வரை படிப்படியாக நகர்வதுதான் இந்தக் கணக்கு. முந்தின படி முடியாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அந்த கார்டின் ஆயிரம் கோர்களுக்கு இதில் வேலை கிடையாது.

ஐன்ஸ்டீன் கோட்பாட்டின்படி விண்மீனுக்குள் அழுத்தம் எப்படிக் குறைகிறது என்று சொல்ல 1939இல் இயற்பியலாளர்கள் டோல்மனும், ஓப்பன்ஹைமர்–வோல்காஃப் இருவரும் தந்த சமன்பாட்டைப் பைத்தான் நிரலாகப் போட்டால் ஒரு விண்மீன் கண்சிமிட்டும் நேரத்தில் முடிகிறது. இயற்பியலாளர் ஸ்டாரோபின்ஸ்கி 1980இல் கொண்டுவந்தது போல, ஐன்ஸ்டீன் கோட்பாட்டில் காலவெளி வளைவின் வர்க்கத்தையும் ஓர் உறுப்பாகச் சேர்த்தால்தான் மெஷினுக்கு வியர்க்கும். அங்கே வளைவு மேற்பரப்போடு நிற்காமல் வெளியிலும் கொஞ்ச தூரம் நீளும். வெகு தொலைவில் அது பூஜ்யத்துக்கு வர, மையத்தில் என்ன மதிப்பு வைக்க வேண்டும் என்று ஊகித்து, ஓட்டிப் பார்த்து, திருத்தி, மறுபடி ஓட்ட வேண்டும். ஊகம் துளி பிசகினாலும் விடை எகிறிவிடும். நான்கு கோர் உதவுவது இங்கேதான்: ஒரே சமயத்தில் நான்கு மைய அடர்த்திகள், அதாவது நான்கு விண்மீன்கள். இரவு ஓடவிட்டுப் படுத்தால் காலையில் எந்த ஆரத்துக்கு எவ்வளவு நிறை என்று காட்டும் நிறை–ஆரம் வளைகோடு தயார். சேர்த்த உறுப்பின் கெழுவைப் பூஜ்யமாக்கி, பழைய 1939 விடையே வருகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜே0740+6620 என்ற பல்சாரின் (வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்) நிறை சூரியனைப் போல ஏறத்தாழ 2.08 மடங்கு. நம் வளைகோடு அந்த உயரத்தை எட்டவில்லை என்றால் மாதிரி செல்லாது. எட்டினாலும், ஈர்ப்பை மாற்றியதால் எட்டியதா, உள்ளே இருக்கும் பொருள் எளிதில் அமுங்காத அளவு விறைப்பா என்ற சண்டை ஓயாது. அதைத் தீர்க்கிற லேப்டாப் எந்தக் கடையிலும் இல்லை.

குறைகள்? பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கரண்ட் போனால் இரவு வேலை மொத்தமும் போகும். ஒவ்வொரு விண்மீன் முடிந்ததும் கோப்பில் எழுதிக்கொள்ளும்படி நிரலை அமைத்துவிடுங்கள். மே மாத வெயிலில் மாடி அறையில் லேப்டாப்பின் விசிறி போடும் சத்தத்துக்குப் பக்கத்தில் தூங்க முடியாது. அப்புறம், வாரண்டி எல்லாம் வாய்ப்பேச்சுதான், பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள். பேட்டரி மாற்றித் தருகிறேன் என்றார் அண்ணாச்சி, இன்னும் தரவில்லை. அது வரும்வரை இந்த லேப்டாப்புக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரைதான்.