கட்டில் நன்றாக இருக்கிறது, கடைதான் தாங்கவில்லை

நான் வைத்திருக்கும் அதே மாடல் குழந்தைக் கட்டில் இப்போது தள்ளுபடியில் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. கட்டிலைப் பற்றிக் கேட்டால் ஒரு பதில், அதை விற்றவர்களைப் பற்றிக் கேட்டால் வேறு பதில். அவருக்கு எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். அளவு, எடை, நிறங்கள் எல்லாம் விற்பனைப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப எழுதப் போவதில்லை.

கோபம் தலைக்கேறுவதற்குள் பாராட்டை முடித்துவிடுகிறேன். பீச் மரத்தில் செய்த கட்டில். இத்தனை காலத்தில் ஒரு சட்டம்கூட வளையவில்லை. பல் முளைக்கும் பருவத்தில் மகள் மேல்சட்டத்தை அணில்போல் கொறித்தாள். பல் தடம் விழுந்ததே தவிர, வண்ணம் செதிலாக உரியவில்லை. பக்கக் கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அளந்து பார்த்தேன். ஐரோப்பியத் தரவிதி 45 முதல் 65 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. அமெரிக்க விதி 60 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. இந்தக் கட்டில் இரண்டுக்கும் உட்பட்டே இருக்கிறது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவில்லை. மூலைத் தூண்கள் எங்கும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை, ஆகவே சட்டை மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை. செய்தவர்களுக்கு வேலை தெரியும்.

கட்டில் சத்தம் போடும் என்பது மட்டும் ஒரு சிறு குறை. மரம் ஈரக் காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். அதற்கேற்ப போல்ட்டுகள் தளரும். உடன் வந்த எல் வடிவச் சாவியால் அவ்வப்போது திருகி இறுக்கினால் சத்தம் நின்றுவிடும். மரக்கட்டில் எதுவானாலும் இந்தப் பராமரிப்பு உண்டு. இதைக் குறையாக எழுதுவதே அநியாயம்.

இனி கடை.

வாங்கும்போது ஒரு பதிவுப் படிவம் கொடுத்தார்கள். குழந்தையின் பிறந்த தேதி, மின்னஞ்சல், கைபேசி எண் எல்லாம் கேட்டிருந்தது. பாதுகாப்பு அறிவிப்புகளுக்காக என்று மேலே எழுதியிருந்ததால் நிரப்பிக் கொடுத்தேன். வந்த முதல் கடிதமே திரைச்சீலைத் தள்ளுபடி. அதன்பின் இரவு விளக்கு, கம்பளம், கட்டிலுக்கு ஜோடியான அலமாரி, சுவரில் ஒட்டும் யானை. எல்லாக் கடிதங்களும் 'அன்புள்ள அம்மா' என்றே தொடங்கும். பதிவு செய்தவன் நான், என் பெயரும் ஆண்பெயர்தான். ஆனால் குழந்தைப் பொருள் வாங்குபவர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கோ ஒரு மென்பொருள் முடிவு செய்துவிட்டது. ஒருமுறை தொலைபேசியில் அழைத்தபோது எதிர்முனையில் இருந்தவர், "வீட்டில் அம்மா இருக்கிறார்களா, சார்?" என்று கேட்டார். எனக்கே போல்ட் இறுக்கத் தெரியும் என்று சொல்லவேண்டியதாயிற்று.

விளம்பரம் அனுப்புவது வியாபாரியின் உரிமை, அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவர்கள் கையில் இருக்கும் தகவலை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது. என் மகளுக்கு எத்தனை மாதம் ஆகிறது என்பது அவர்களுக்கு நாள் பிசகாமல் தெரியும். குழந்தைக் கட்டிலைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான தகவல் வேறில்லை. குழந்தை எழுந்து உட்காரத் தொடங்கும்போது மெத்தைத் தட்டைக் கீழே இறக்க வேண்டும்; பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்குவதற்குள் அது அடிமட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். குழந்தையின் உயரம் 90 சென்டிமீட்டரை நெருங்கும்போது கம்பி அடைத்த கட்டிலின் காலமே முடிந்துவிடுகிறது, ஏறிக் குதித்துவிடும். இவையெல்லாம் கையேட்டில் இருக்கின்றன. ஆனால் தூக்கம் கெட்ட வீட்டில் கையேட்டைத் தேடி எடுப்பவர் யார்? 'இந்த மாதம் மெத்தைத் தட்டை ஒரு படி இறக்குங்கள், அப்படியே எட்டு போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள்' என்று இரண்டு வரிக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால், அந்தக் கடைக்கு நான் ஆயுள் முழுக்க விளம்பரம் செய்திருப்பேன். அந்த மாதம் எனக்கு வந்தது யானை ஸ்டிக்கர்.

பதிவுப் படிவம் என்பது சின்ன விஷயமல்ல. அமெரிக்காவில் 1998-ல் ஒரு குழந்தை, காப்பகத்தில் இருந்த மடக்குக் கட்டில் சரிந்து இறந்துபோனது. அந்த மாடலை 1993-லேயே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்தச் செய்தி காப்பகத்துக்கும் எட்டவில்லை, பெற்றோருக்கும் எட்டவில்லை. 2008-ல் வந்த நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்க்கப்பட்டு, அந்தக் குழந்தையின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. தயாரிப்பாளர் ஒவ்வொரு கட்டிலுடனும் அஞ்சல் செலவு கட்டப்பட்ட பதிவு அட்டை தரவேண்டும். அதில் திரட்டும் முகவரியைப் பாதுகாப்பு அறிவிப்பு தவிர வேறெதற்கும் தொடக்கூடாது. விளம்பரம் வந்து குவியும் என்று பயந்துதான் பலர் அட்டையை நிரப்பாமல் விடுகிறார்கள் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். என் கடைக்கு அது புரியவில்லை. இப்போது அவர்களிடமிருந்து எது வந்தாலும் படிக்காமல் அழித்துவிடுகிறேன். நாளை உண்மையிலேயே ஒரு எச்சரிக்கை வந்தால் அதுவும் குப்பைக்குத்தான் போகும்.

விளம்பரப் படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதே கட்டிலின் படத்தில் நான்கு பக்கமும் பஞ்சடைத்த தடுப்புத் துணி, இரண்டு தலையணை, ஒரு கனத்த போர்வை, மூலையில் கரடி பொம்மை. பெட்டிக்குள் இருந்த கையேட்டைத் திறந்தால் ஓராண்டு நிறையும்வரை மெத்தையும் அதன்மேல் இறுக்கிய விரிப்பும் தவிர எதுவும் கூடாது என்கிறது. கையேடு சொல்வதுதான் சரி. குழந்தை மருத்துவர்களும் அதையே சொல்கிறார்கள். அந்தப் பஞ்சுத் தடுப்புகளின் விற்பனையை 2022-ல் அமெரிக்கா சட்டம் போட்டே நிறுத்தியது. படத்தை எடுத்தவரும் கையேட்டை எழுதியவரும் ஒரே நிறுவனத்தில்தான் சம்பளம் வாங்குகிறார்கள். ஒருவரையொருவர் பார்த்ததுண்டா என்பது சந்தேகம்தான்.

இப்போது பக்கத் தடுப்பு விவகாரம். என் கோபத்தின் மூலம் இதுதான்.

இந்தக் கட்டிலை விற்றதே 'குழந்தையோடு வளரும் கட்டில்' என்று சொல்லித்தான். முதலில் நாலாபுறமும் கம்பி, பிறகு ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு அங்கே தாழ்வான தடுப்பு, பிறகு பகல் படுக்கை, கடைசியில் பெரிய கட்டில். படங்களில் அந்தத் தாழ்வான தடுப்பு அழகாக நிற்கிறது. அது தனியே விற்கப்படும் என்ற வாசகம் எறும்பெழுத்தில் இருந்தது. இருக்கட்டும், தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காலமும் வந்தது. வந்துவிட்டது என்று எனக்குச் சொன்னதே அவர்கள்தான். 'அன்புள்ள அம்மா, உங்கள் செல்லம் பெரிய கட்டிலுக்குத் தயார்!' என்று ஒரு கடிதம், அந்தத் தடுப்பின் படம், அடியில் ஒரு பொத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவர்களுடைய விளம்பரத்தை மகிழ்ச்சியோடு அழுத்தினேன். 'இந்தப் பொருள் தற்போது கையிருப்பில் இல்லை.'

வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். ஆர்டர் எண் கேட்டார்கள், கொடுத்தேன். கட்டிலின் அடியில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதிச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள், மெத்தையைத் தூக்கி அனுப்பினேன். அடுத்த அழைப்பில் வேறொருவர் வந்து மறுபடியும் ஆர்டர் எண் கேட்டார். மகளின் பிறந்த நாளை ஒரு வருடம்கூட மறக்காத நிறுவனம், நேற்று நான் சொன்னதை இன்றைக்குள் மறந்துவிடுகிறது. கடைசியில் வந்த பதில், 'அந்த நிறம் நிறுத்தப்பட்டுவிட்டது. எங்களுடைய புதிய மாடலைப் பரிசீலிக்கலாமே?' உடன் ஒரு தள்ளுபடிக் குறியீடு.

ஒரு தடுப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, தச்சரிடம் சொல்லி ஒன்று செய்துகொள்ளலாமே என்று சிலர் சொன்னார்கள். சோபாவின் கால் உடைந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். குழந்தைக் கட்டிலில் அது ஆகாது. தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுப்போனால் குழந்தையின் உடல் நழுவி, தலை சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கத் தடுப்பை மேலே ஏற்றிக் கீழே இறக்கும் கட்டில்கள் ஒரு காலத்தில் சௌகரியம் என்று கூவி விற்கப்பட்டன. கொக்கி உடைந்து, தடுப்பு பாதி நழுவி, அந்த இடுக்கில் குழந்தைகள் சிக்கினார்கள். 2009 நவம்பரில் ஒரே அறிவிப்பில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். 2011 ஜூனில் அந்த வகையின் தயாரிப்பும் விற்பனையும் அமெரிக்காவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டன. உடைந்த கட்டிலைக் கயிறு, கம்பி, ஒட்டுநாடா கொண்டு சரிசெய்யாதீர்கள், தயாரிப்பாளரிடமே உதிரி வாங்குங்கள் என்று அங்குள்ள பாதுகாப்பு ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. உதிரியைத் தயாரிப்பாளரிடம் மட்டும்தான் வாங்கலாம் என்றால், அதை இருப்பில் வைத்திருப்பது அவர்கள் நமக்குச் செய்யும் சலுகை ஆகாது. கட்டிலை விற்றபோதே அதையும் விற்றுவிட்டார்கள் என்றுதான் பொருள்.

இங்கே நியாயத்துக்காக ஒரு மனிதரைப் பற்றி எழுத வேண்டும். நான் போட்ட சத்தத்தில் அழைப்பு எப்படியோ உதிரி பாகக் கிடங்குக்குப் போய்விட்டது. எடுத்தவர் ஆர்டர் எண் கேட்கவில்லை. "சார், டேப் இருக்கிறதா? கால் சட்டத்தில் மேல் துளையிலிருந்து கீழ்த் துளைக்கு எவ்வளவு தூரம், சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். ஒரு நிமிடம் காகிதம் புரளும் ஓசை. "புதிய மாடலுக்கும் துளை இடைவெளி இதேதான். தடுப்பின் தடிமனும் இதேதான். நிறம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு அரை நொடிகூட ஆகவில்லை. இரண்டு மாடலுக்கும் பொது என்று உதிரிப் பட்டியலிலேயே இருப்பதை எழுத்திலும் உறுதிசெய்து அனுப்பினார். தடுப்பு வந்தது, துளைக்குத் துளை சரியாக உட்கார்ந்தது, மெத்தையோடு ஒட்டி நின்றது. பெட்டிக்குள் நான் கேட்காமலே நான்கு உருளை நட்டுகளும் இருந்தன; பழையவை மரை தேய்ந்திருக்கும் என்று ஊகித்திருப்பார். விற்பனைக்குப் பிந்தைய சேவை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்த நான்கு நட்டுகளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த நல்ல எண்ணத்தை இரண்டு நாள்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. 'உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று ஒரு கடிதம். யாருக்கு நட்சத்திரம் தருவது என்று கேட்க அதில் இடமில்லை. பின்னாலேயே இன்னொன்று, பிறந்த குழந்தைக்கான கட்டிலுக்குச் சிறப்புச் சலுகை. உதிரி வாங்கியதால் என்னைப் புதுத் தகப்பன் என்று, இல்லையில்லை, புது அம்மா என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

ஏன் இப்படி என்று யோசித்தால் புரியாமலில்லை. குழந்தைக்கு மரச்சாமான் வாங்கும் காலம் ஒரு குடும்பத்தில் மிகக் குறுகியது. அதற்குள் எவ்வளவு விற்கமுடியுமோ விற்றுவிட வேண்டும் என்று பணமெல்லாம் விளம்பரத்தில் போகிறது. விளம்பரப் பிரிவுக்கு விற்பனைதான் அளவுகோல். சேவைப் பிரிவுக்கு அழைப்பை எவ்வளவு சீக்கிரம் முடித்தோம் என்பதே அளவுகோல். உதிரிக் கிடங்கை யாரும் அளப்பதே இல்லை போலிருக்கிறது, அதனால்தான் அங்கே மட்டும் ஒரு மனிதர் நிதானமாகப் பேச முடிகிறது. ஆனால் கட்டில் வாங்குபவர்கள் விளம்பரத்தைப் பார்த்தா வாங்குகிறார்கள்? ஏற்கெனவே வாங்கியவரைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. கடைகள் பிரசவத் தேதியையே கேட்டு வாங்கிக்கொள்கின்றன. கரு தங்காத வீட்டுக்கும் அந்தத் தேதியில் வாழ்த்துக் கடிதம் போய்ச் சேரும். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நிறுத்த ஒரு பொத்தான் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் இருக்க வேண்டும். என் கடையின் கடிதங்களில் அது அடியில், வெளிர் சாம்பல் எழுத்தில், தேடினால்தான் கிடைக்கிறது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பின்னாளில் தேவைப்படும் பக்கத் தடுப்பைக் கட்டிலோடு சேர்த்து அன்றைக்கே வாங்கிவிடுங்கள். இந்த மாடலை நிறுத்தினால் உதிரி எத்தனை வருடம் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதுவே பதில். பதிவுப் படிவத்துக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். ஜோடி அலமாரி வேண்டாம். வாங்கினால் அதைச் சுவரோடு பிணைக்காமல் ஒருநாள்கூட நிறுத்தி வைக்காதீர்கள்.

கட்டிலுக்கு ஐந்துக்கு நாலரை. கடைக்கு ஒன்று, அந்த ஒன்றும் கிடங்கில் இருந்தவருக்குச் சேர வேண்டியது. கூட்டிக் கழித்தால் வாங்கலாம் என்றுதான் வரும். ஆனால் இன்று காலையும் ஒரு யானை வந்திருக்கிறது, ஆகவே வாங்காதீர்கள் என்கிறேன். எங்கள் வீட்டில் அடுத்த குழந்தை வந்தால் அதற்கும் இதே கட்டில்தான். கழற்றிவைத்த கம்பிப் பக்கத்தைத் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.