டாக்டர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி: ஒன்றரை வருட அனுபவம், 5க்கு 3.5

முதலில் கட்டணம், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறீர்கள். என்னிடம் சல்லிக்காசுகூட வாங்கவில்லை. ஆள் எடுக்கும் மருத்துவமனை இவர்களுக்குக் கமிஷன் கொடுக்கிறது, அதில்தான் பிழைப்பு. பிரிட்டனில் வேலை தேடுபவரிடம் ஏஜென்சி பணம் வாங்கக்கூடாது என்று 1973இலேயே சட்டம் இருக்கிறது, அதனால் யாராவது "பதிவுக் கட்டணம்" என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள். தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, விமான டிக்கெட் எல்லாம் நம் கைக்காசு, அது தனி. ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை, கீழே ஒரு பெரிய குறை சொல்லப்போகிறேன்.

நான் படிப்பு முடித்து மூன்று வருடம் ஆன ஜூனியர் டாக்டர், ஒரு பெரிய மருத்துவமனையில் மெடிசின் வார்டில் இருக்கிறேன். ஒரு ராத்திரி, மணி இரண்டரை இருக்கும், வார்டு கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் இவர்களுடைய இணையதளத்தில் பிரிட்டன் வேலைக்கென்று பெயரையும் நம்பரையும் போட்டுவிட்டு மறந்தே போனேன். காலை ஒன்பது மணிக்குப் போன். கோஆர்டினேட்டராம், ஒரு பெண். "டாக்டர், இப்ப பேசலாமா, இல்ல டூட்டி முடிஞ்சு தூங்கப் போறீங்களா?" என்று கேட்டார். அப்புறம் என் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வார்டில் என் பெயர் "ஹவுஸ் சர்ஜன்". ஹவுஸ் சர்ஜன்சி என்கிற பயிற்சி வருடத்தை முடித்து இரண்டு வருடம் ஆகியும் அதே பெயர்தான், எனக்கு முன்னால் இருந்தவருக்கும் அதே பெயர், எனக்குப் பிறகு வரப்போகிறவருக்கும் அதேதான்.

பேப்பர் வேலையில் இவர்கள் கெட்டி, ஒத்துக்கொள்கிறேன். எந்தச் சான்றிதழ் எப்போது வேண்டும் என்று வரிசைப்படி ஒரு தாள் அனுப்பினார்கள். பட்டச் சான்றிதழை எபிக் என்கிற இணையச் சேவை வழியாகச் சரிபார்ப்பதை முதல் நாளே ஆரம்பிக்கச் சொன்னார்கள், ஏனென்றால் நம் கல்லூரி அலுவலகம் எப்போது பதில் போடும் என்று கடவுளுக்கே தெரியாது. மெடிக்கல் கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் கடைசியில் வாங்கச் சொன்னார்கள், அது மூன்று மாதம்தான் செல்லும். ஏஜென்சி இல்லாமல் தானாக முயன்ற என் தோழி ஒருத்தி அதைத்தான் முதலில் வாங்கினாள், கையில் கிடைத்த சந்தோஷத்தில் பத்திரமாக வைத்திருந்து, கடைசியில் செல்லாமல் போய் மறுபடி வரிசையில் நின்றாள்.

தேர்வைப் பற்றி எழுத நிறைய இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிளாப் என்பது வெளிநாட்டில் படித்தவர்கள் பிரிட்டனில் டாக்டராகப் பதிவு செய்ய எழுதும் தேர்வு, முதல் பகுதி 180 கேள்வி, மூன்று மணி நேரம். இரண்டாம் பகுதி மான்செஸ்டரில் மட்டும், பதினாறு அறை, அறைக்கு எட்டு நிமிடம், நோயாளியாக நடிக்க ஆள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே நோயாளியிடம் பேசுகிற விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. வணக்கம் சொல்லி, நம் பெயரைச் சொல்லி, அவரை எப்படிக் கூப்பிடலாம் என்று கேட்க வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். பழகும்போதுதான் உறைத்தது, ஒரு நோயாளியிடம் என் பெயரை நான் கடைசியாகச் சொன்னது எப்போது என்றே ஞாபகம் இல்லை.

இனி முக்கியமான விஷயம். வேலை கிடைத்ததும் மருத்துவமனையின் ஆஃபர் கடிதத்தோடு ஒரு அட்டவணையும் வந்தது. அதை நான் எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எந்த வாரம் பகல், எந்த வாரம் ராத்திரி, ராத்திரி முடிந்த பிறகு எத்தனை நாள் ஓய்வு, எந்த சனி ஞாயிறு வேலை, எல்லாம் கட்டம் கட்டமாக. பயிற்சி டாக்டர்களுக்கு டூட்டி லிஸ்ட் ஆறு வாரம் முன்னாலேயே கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. சராசரியாக வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது ஐரோப்பிய விதி, பயிற்சி டாக்டர்களுக்கு 2009இல் முழுதாக வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகும் பிரிட்டன் அதைத் தூக்கி எறியவில்லை. நேரம் மீறினால் பதிவு செய்யவும், அதைப் பார்த்து மருத்துவமனைக்கு அபராதம் போடவும் கார்டியன் என்று ஒருவர், இது இங்கிலாந்தில் 2016 ஒப்பந்தத்தோடு வந்தது. (ஒரு எச்சரிக்கை: பயிற்சி இடத்தில் இல்லாமல் அந்தந்த மருத்துவமனையின் சொந்த ஒப்பந்தத்தில் சேர்கிறவர்களுக்கு இதெல்லாம் தானாக வராது, எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.)

எங்கள் டூட்டி லிஸ்ட் எப்படி வரும் தெரியுமா? மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம், நர்சிங் ஸ்டேஷன் பக்கத்துச் சுவரில், கையால் எழுதிய ஒரு தாள். அதில் ஒரு பெயரை அடித்து மேலே இன்னொரு பெயர், அதையும் அடித்து ஓரத்தில் அம்புக்குறி போட்டு மூன்றாவது பெயர். அந்த மூன்றாவது பெயர் பெரும்பாலும் யாருடையது என்றால், அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் வராதவருடையது. போன வருடம் என் தம்பி கல்யாணத்துக்கு நான்கு மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுத்தேன். தாள் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது, அன்று ராத்திரி எனக்கு ஆன்கால். தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தேன். கல்யாணப் போட்டோவில் எல்லாரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

சம்பளம் காரணமே இல்லை என்று கதை விடமாட்டேன். சம்பளத்துக்காகத்தான் நிறைய பேர் போகிறார்கள், போவதில் தப்பும் இல்லை. ஆனால் சம்பளம் மட்டும்தான் காரணம் என்றால், பிரிட்டனில் படித்தவர்களே ஏன் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறார்கள், அயர்லாந்து தன் டாக்டர்களை அனுப்பிவிட்டு வெளியில் படித்தவர்களைக் கொண்டு ஏன் வார்டை ஓட்டுகிறது? 2013இல் அயர்லாந்து ஜூனியர் டாக்டர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தது சம்பளத்துக்காக இல்லை, ஒரே மூச்சில் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்க வைக்காதீர்கள் என்பதற்காக. பிரிட்டனில் முதல் இரண்டு வருடப் பயிற்சி முடித்ததும் நேராகத் துறை சார்ந்த மேற்பயிற்சிக்குப் போனவர்கள் 2011இல் 71 சதவீதம், 2018இல் 38. மீதிப் பேர் எல்லாரும் நாட்டை விட்டுப் போய்விடவில்லை, சிலர் ஒரு வருடம் மூச்சு விட்டுக்கொண்டார்கள், சிலர் திரும்பி வந்தார்கள். ஆனாலும் அந்த எண் இறங்கிய வேகத்தைப் பாருங்கள்.

குறைக்கு வருகிறேன். ஒன்றரை மதிப்பெண் போனது இங்கேதான். மேற்பயிற்சி இடத்துக்கு அங்கே என்ன போட்டி என்று ஏஜென்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2025இல் இங்கிலாந்தில் சுமார் 10,000 இடத்துக்கு 30,000க்கும் மேல் டாக்டர்கள் விண்ணப்பித்தார்கள். எனக்குக் கிடைத்தது பயிற்சி இடம் இல்லை, வெறும் வேலை. அதில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு எந்தப் பாதையில் ஏறுவது என்று நான் கேட்டபோதெல்லாம் "அங்க போனா வழி தானா தெரியும் டாக்டர்" என்றுதான் பதில். மற்ற எல்லாவற்றுக்கும் தேதி போட்டு, கட்டம் கட்டிப் பதில் சொன்னவர்கள் இதற்கு மட்டும் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? கமிஷன் நான் விமானம் ஏறும்வரைக்கும்தான், அதற்கப்புறம் என் எதிர்காலம் என் பாடு. போதாததற்குக் கையெழுத்து போடச் சொல்லி வாரத்துக்கு இரண்டு நினைவூட்டல்.

கோஆர்டினேட்டரிடம் இன்னொன்றும் கேட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்ததே, டாக்டர் பஞ்சம் உள்ள நாடுகளில் போய் வலை வீசி ஆள் எடுக்காதீர்கள் என்று. 2023 பட்டியலில் அப்படி 55 நாடுகள். உங்களுக்கு அது உறுத்தவில்லையா என்றேன். "நாங்க யாரையும் கூப்பிடலையே டாக்டர், நீங்கதானே ராத்திரி ரெண்டரைக்குப் பதிவு பண்ணீங்க" என்றார். பதில் சட்டப்படி சரி. அந்த நெறிமுறை யாரையும் கட்டாயப்படுத்தாது, தனி ஆள் தானாகக் கிளம்பினால் தடுக்கவும் தடுக்காது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை. ராத்திரி இரண்டரைக்கு நான் ஏன் அந்தப் பக்கத்தைத் திறந்தேன் என்று என்னை வேலைக்கு வைத்திருப்பவர்கள் யாரும் கேட்கவில்லை, இவர்தான் முதலில் அதைக் கவனித்திருக்கிறார்.

போன வாரம் எங்கள் வார்டுக்குப் பொறுப்பான பெரிய டாக்டரிடம், சீஃபிடம், சொன்னேன். "என்னம்மா, நீயுமா?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாண்டை அஞ்சு வருஷம் ஆக்கினாதான் சரிப்படும்" என்றார். நல்ல மனிதர், வேலை கற்றுக் கொடுத்தவர், அதனால் அங்கேயே வாதாடவில்லை. பாண்ட் என்றால் படிப்பு முடித்தபின் இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுப்பது, அதை நான் ஒரேயடியாகத் திட்டவும் மாட்டேன். ஜப்பானில் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 1972இலிருந்து மாணவர்களைச் சொந்த மாகாணத்தில் ஒன்பது வருடம் வேலை செய்ய வைக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் பார்த்து எடுக்கிறார்கள், படிப்புச் செலவையும் தாங்குகிறார்கள், சேரும்போதே பையனுக்கும் பெண்ணுக்கும் கணக்கு தெரியும். தாய்லாந்தில் மூன்று வருடக் கட்டாய சேவையும் அதே வருடத்தில் வந்ததுதான். பிற்பாடு அவர்கள் கிராமப்புறப் பிள்ளைகளையே எடுத்து, ஊர்ப் பக்கத்து மருத்துவமனைகளில் பயிற்சி கொடுக்கத் தனித் திட்டம் போட்டார்கள், பாண்ட் மட்டும் போதும் என்று உட்காரவில்லை. எங்கள் சீஃப் சொல்கிற பாண்ட் வேறு. அது வாசலில் பூட்டுப் போடுவது. பூட்டு திறக்கிற நாளை எல்லாரும் போனில் குறித்து வைத்திருப்பார்கள், அன்றைக்கு மொத்தமாகக் கிளம்புவார்கள்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?" என்று கேட்டார், நிஜமாகவே கேட்டார். லிஸ்டை ஒரு மாதம் முன்னால் ஒட்டுங்கள் சார் என்றேன். ராத்திரி டூட்டிக்குப் பிறகு ரவுண்ட்ஸுக்கு நிற்க வைக்காதீர்கள். ஐசியூவில் வேலை செய்யும் புது டாக்டர்களை வைத்து 2004இல் வந்த அமெரிக்க ஆய்வையும் சொன்னேன்: நீண்ட ஷிஃப்ட் உள்ள பழைய முறையில், நேரத்தைக் குறைத்த முறையைவிடப் பெரிய தவறுகள் 36 சதவீதம் அதிகம். "அமெரிக்காவிலயே வாரம் எண்பது மணி நேரம் விடறான்" என்றார். விடுகிறான், உண்மைதான், முதல் வருட டாக்டர்களுக்கு 2011இல் 16 மணி நேர வரம்பு கொண்டுவந்து 2017இல் எடுத்தும் விட்டான். ஆனால் அந்த எண்பதும் 2003இலிருந்து ஒரு வரம்பாக எழுதப்பட்டிருக்கிறது சார், நம் வார்டில் எழுதி ஒட்டின எண்ணே இல்லையே என்றேன். மேற்படிப்பு இடம் எப்போது கிடைக்கும், எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து சொன்னால் பாதிப் பேர் இருப்பார்கள் என்றும் சொன்னேன். அது என் ஊகம்தான், ஆனால் எங்கள் பேட்சை வைத்துச் சொன்ன ஊகம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சம்பளம் தன் கையில் இல்லை, லிஸ்ட் தன் கையில் இருக்கிறது, இந்த மாதத்திலிருந்து முன்னாலேயே போடுகிறேன் என்றார்.

ஆக, ஏஜென்சியைப் பயன்படுத்தலாமா? பேப்பர் வேலைக்கும் இன்டர்வியூ பயிற்சிக்கும் தாராளமாக. அங்கே போன பிறகு என்ன என்ற கேள்விக்கு மட்டும் அவர்களை நம்பாதீர்கள், ஏற்கனவே அங்கே இருக்கும் சீனியர் யாரையாவது பிடித்து ஒரு மணி நேரம் பேசுங்கள். முடிந்தால் திரும்பி வந்த ஒருவரையும்.

நான் இன்னும் கையெழுத்து போடவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் கேட்டிருக்கிறேன். சேர வேண்டியது ஆகஸ்ட் முதல் புதன்கிழமை, அட்டவணையில் முதல் வாரம் பகல் டூட்டி. இங்கே இன்று தேதி 28. வார்டை விட்டுக் கிளம்பும்போது நர்சிங் ஸ்டேஷன் சுவரைப் பார்த்தேன், இந்த மாதத் தாள்தான் இருந்தது. சிஸ்டரிடம் கேட்டேன். "லிஸ்ட்டா? அது எப்பவும் கடைசி நாள்தானே வரும் டாக்டர்" என்றார்.